அலாரம் இருந்தும் திருட்டு: மனசை விட்டுப் போகாத ஒரு பேனல், ஒரு சென்சார் பற்றிச் சொல்லுங்கள்

செராஸ்_வயரிங்

மலேசியாவில், கோலாலம்பூர் பக்கம் செராஸில் ஒரு தெரஸ் வீடு (வரிசை வீடு). தைப்பூசத்துக்குக் குடும்பமே பினாங்குக்குப் போயிருந்தது, மூன்று இரவு. மூன்றாம் இரவு பின்பக்கக் கிரில்லை வெட்டிக்கொண்டு உள்ளே புகுந்திருக்கிறார்கள். சைரன் மூச்சுக்கூட விடவில்லை. திரும்பி வந்தபோது அலாரத்தை இயக்கும் கீபேடில் வெளிச்சமே கிடையாது.

சென்சார் ஆறும் நன்றாக இருந்தன. ஒயரில் எந்தச் சேதமும் இல்லை. டிபி பெட்டியில் (வீட்டு மின்சாரம் பிரிகிற பெட்டி) ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச், கீழே இறங்கிக் கிடந்தது. அதைத் தூக்கிவிட்டு, கீபேடில் ஈவென்ட் லாக்கை (நடந்ததை நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவு) திறந்தால் முதல் நாள் தேதியில் இரண்டே வரி. மாலை 6:47, ஏசி (மெயின்) மின்சாரம் இல்லை. இரவு 11:20, பேட்டரி குறைவு. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த வெற்றிடம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. பேனல், அதாவது அலாரத்தின் மூளையான பெட்டி, நாலரை மணி நேரம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டுச் சாய்ந்திருக்கிறது. திருடன் வருவதற்கு இரண்டு நாள் முன்பே வீடு காவலை இழந்துவிட்டது.

கணக்கு இதுதான். பேனல் போர்டு 100 மில்லியாம்பியர், கீபேட் இரண்டும் சேர்த்து 100, சிம் வழியாகச் செய்தி அனுப்பும் ஜிஎஸ்எம் மாட்யூல் சராசரி 50, சென்சார் ஆறு, ஒவ்வொன்றும் 15 என்றால் 90. மொத்தம் 340. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருந்தால் 20 மணி நேரம் நிற்கும். அங்கே இருந்த பேட்டரி ஐந்து வருஷத்துக்கு முந்தியது, படிக்கட்டுக்குக் கீழே காற்றே புகாத ஸ்டோர் ரூமில். பக்கவாட்டில் கொஞ்சம் வீங்கியும் இருந்தது. மீட்டரை முனையில் வைத்துப் பார்த்தால் 4 வோல்ட்.

நம்ம ஊர் வெப்பத்துக்கு மூன்று வருஷத்தில் மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியை மார்க்கரால் பேட்டரி மேலேயே எழுதுங்கள், பெட்டி மூடியில் எழுத வேண்டாம். மூடி மாறிப்போகும்.

ஜெலுகோர்_12வோல்ட்

அண்ணே, பேட்டரி மேல் முழுப் பழியையும் போடுவது சரியில்லை. புது பேட்டரியாக இருந்தாலும் 20 மணி நேரத்தில் தீர்ந்திருக்கும். மூன்று இரவுக்கு எந்த 7 ஆம்பியர்-மணி பேட்டரியும் வராது. இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஒரு ஆர்சிசிபி விழுந்தால் முழு வீடும் ஏன் விழுகிறது? மின்சாரம் போன சேதி ஏன் யாருக்கும் போகவில்லை?

முதல் கேள்விக்கு: பழைய தெரஸ் வீடுகளில் மொத்த வீட்டுக்கும் ஒரே ஆர்சிசிபிதான். தண்ணீர் புகுந்த வெளி விளக்கு, ஆட்டோகேட் மோட்டார், இடி, எது வந்தாலும் எல்லாம் ஒன்றாக விழும். அலாரத்துக்குத் தனி வழி எடுத்து அதற்கென ஒரு ஆர்சிபிஓ (அந்த ஒரு வழியை மட்டும் காக்கும் மின்கசிவு சுவிட்ச்) போட்டுவிட்டால் அந்த விளக்கில் ஒழுகுவது அலாரத்தைத் தொடாது. சூருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிந்த வயர்மேன் செய்ய வேண்டிய வேலை இது. அலாரம் பொருத்த வருகிற தம்பிகளை டிபி பெட்டிக்குள் கை வைக்க விடாதீர்கள்.

இரண்டாவதுக்கு: பேனல் புரோகிராமில் மெயின் மின்சாரம் போன செய்தியை அனுப்பும் வசதி இருக்கும், பல வீடுகளில் அணைத்தே வைத்திருக்கிறார்கள். சின்ன மின்வெட்டுக்கெல்லாம் செய்தி வந்தால் வீட்டுக்காரர் எரிச்சல்படுவார் என்பதுதான் காரணம். தாமதத்தை 30 நிமிடம் வைத்தால் போதும், சின்னதெல்லாம் வடிகட்டிப் போய்விடும். அலாரம் செய்திகளைப் பார்த்துப் போன் செய்கிற கண்காணிப்பு நிலையத்தோடு இணைந்த வீடு என்றால், ஒவ்வொரு நிகழ்வையும் ஓர் எண்ணாக அனுப்பும் கான்டாக்ட் ஐடி முறையில் 301 என்ற எண்ணாக அது அங்கே விழும், பேட்டரி குறைவு 302. இந்த இரண்டும் வந்தால் யாருக்குப் போன் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் திருட்டுக்கான 130க்கு மட்டும்தான் எழுதியிருப்பார்கள்.

இடி என்றதும் ஜெலுகோர் வீடு ஒன்று. போர்டும் கீபேடும் கருகிவிட்டன, ஆனால் மின்சாரம் நுழைகிற டிரான்ஸ்ஃபார்மர் சுத்தமாக இருந்தது. அப்படியானால் இடி மெயின் வழியாக வரவில்லை. கேட் திறப்பதை உணர, கேட் தூணில் இருந்த காந்த சுவிட்சுக்கு மண்ணுக்கடியில் 25 மீட்டர் ஒயர் போட்டு நேராகப் பேனலில் சொருகியிருந்தார்கள். அந்த ஒயர் சேரும் ஜோன் (ஒவ்வொரு சென்சார் வழிக்கும் பேனலில் உள்ள தனி இணைப்பு) முனையைச் சுற்றிப் போர்டு காப்பிக்கொட்டை மாதிரி கறுத்திருந்தது. மழைக்கும் இடிக்கும் பேர் போன ஊரில் வீட்டுக்கு வெளியே போகிற ஒயர் எதுவானாலும் பேனலில் நேராகத் தொடக் கூடாது. கேட்டுக்கு வயர்லெஸ் சுவிட்ச், இல்லையென்றால் நடுவில் ஒரு ரிலே.

மஸ்ஜித்_இந்தியா_ஷட்டர்

இங்கே யாரும் தப்பு அலாரத்தைப் பற்றிப் பேசவில்லையே. மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு புடவைக் கடை. ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு அலாரம். வாரத்தில் நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் முதலாளி எழுந்து காரை எடுத்துக்கொண்டு வர, கடையில் ஒன்றும் இருக்காது. ஒரு மாதம் பொறுத்துவிட்டு பின்புற அறைச் சென்சாருக்கான 4ஆம் ஜோனை பைபாஸ் செய்துவிட்டார், அதாவது அலாரம் அதைக் கணக்கில் எடுக்காதபடி விலக்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்துத் திருடன் அந்தப் பின்புற அறை வழியாகத்தான் வந்தான்.

உடம்பு வெப்பத்தை வைத்து ஆள் நடமாட்டத்தை உணரும் அந்தச் சென்சாரைக் கழற்றி மூடியைத் திறந்தால், சர்க்யூட்டில் கண் மாதிரி இருக்குமே அந்த வட்டச் சின்னத் தகடு, அதற்குப் பக்கத்தில் பல்லி முட்டை இரண்டு. பச்சைப் பட்டாணி அளவு, வெள்ளை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. கீழே எறும்பு. ஒயர் நுழைய உடைத்த ஓட்டையை யாரும் அடைக்கவில்லை, அவ்வளவுதான். தூரத்தில் பல்லி ஓடினால் சென்சாருக்குப் பெரிதாகத் தெரியாது. லென்ஸ் மேலேயே ஊர்ந்தால் ஓர் ஆள் அறையைக் கடந்த மாதிரி தெரியும்.

அடைப்பதற்கு சிலிக்கான் வாங்கும்போது கவனம். புளிக்காடி வாசனை வருகிற சிலிக்கான் செம்பை அரித்துவிடும். வாசனை இல்லாத நியூட்ரல் வகையைக் கேளுங்கள். ஓட்டையை மட்டும் இல்லை, சென்சாருக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கையும் மேலும் பக்கமும் அடையுங்கள். கீழ்ப்பக்கம் கொஞ்சம் விட்டுவிடுங்கள், தண்ணீர் இறங்க.

உயரம் 2.1 முதல் 2.4 மீட்டர். ஆள் குறுக்கே நடக்கிற மாதிரி வையுங்கள், சென்சாரை நோக்கி நேராக வருகிறவனை அது தாமதமாகத்தான் பிடிக்கும். சாமி படத்துக்கு முன்னால் அகல்விளக்கு எரியும் சுவரைப் பார்த்து வைக்காதீர்கள். ஏர்கண்டிஷன் வாய்க்கு எதிரேயும் வேண்டாம். தீபாவளிக்குத் தொங்கவிடும் தோரணம், சீனப் புத்தாண்டு விளக்கு, இவை சென்சாரின் பார்வையில் ஆடினால் அந்த மாதம் முழுக்கத் தூக்கம் போகும். மூடிய கடையில் பகலில் வெப்பம் 35 டிகிரியைத் தொடும்போது மனித உடம்புக்கும் சுவருக்கும் வித்தியாசம் குறைந்து சென்சார் மந்தமாகிவிடும், அதனால் வெப்ப ஈடு செய்கிற வகைதான் வாங்க வேண்டும்.

பாயான்_பாரு_மீட்டர்

ஐயா, பைபாஸ் செய்தது முதலாளியின் தப்பு என்ற மாதிரி படுகிறது. ஒரு மாதம் ராத்திரி ராத்திரி எழுந்து வந்தவர் வேறென்ன செய்வார்? பொருத்தியவர்தான் பாதுகாத்திருக்க வேண்டும். பைபாஸ் உரிமையை மாஸ்டர் கோடுக்கு (தலைமைக் கடவு எண்) மட்டும் வைத்து, பைபாஸ் ஆன ஜோனோடு அலாரம் போட்டால் செய்தி போகிற மாதிரி அமைக்கலாம். அந்தக் கடையில் அப்படி அமைத்திருந்தால் இரண்டு மாதம் கவனிக்காமல் போயிருக்காது.

பாயான் பாருவில் ஒரு சின்ன அலுவலகம். பேனல் பெட்டியைத் திறந்ததும் எட்டு ஜோன் முனையிலும் எட்டு ரெசிஸ்டர் (ஒயர் சரியாக இருப்பதைப் பேனல் அறிய வைக்கும் மின்தடை), வரிசையாக, அழகாக வளைத்து வைத்திருந்தது. பார்க்க நேர்த்தி. பாதுகாப்புக்குச் சுத்தமாக உதவாது. அந்த ரெசிஸ்டர் ஒயரின் கடைசியில், சுவிட்சின் உள்ளே இருக்க வேண்டியது. பெட்டிக்குள் இருந்தால் வெளியே இரண்டு ஒயரையும் முறுக்கிவிட்டு எத்தனை கதவு திறந்தாலும் பேனல் 'கதவு மூடியிருக்கிறது' என்றுதான் சொல்லும்.

உங்கள் வீட்டில் எப்படி என்று பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். மீட்டர் வேண்டும், பொறுமை வேண்டும். முதலில் கண்காணிப்பு நிலையத்துக்குப் போன் செய்து சோதனை என்று சொல்லிவிடுங்கள். பேனலுக்கு வரும் மெயின் மின்சாரத்தை அணைத்து, பேட்டரியின் சிவப்பு ஒயரைக் கழற்றுங்கள். ஒரு ஜோனின் இரண்டு ஒயரையும் முனையிலிருந்து எடுங்கள், ரெசிஸ்டர் முனையில் நின்றால் அதை அங்கேயே விட்டுவிட்டு ஒயரை மட்டும். கதவு மூடியபடி ஒயரில் ஓம் அளவு பாருங்கள். டிஎஸ்சி பேனல் என்றால் 5,600 ஓம், பேரடாக்ஸ் என்றால் 1,000, ஹனிவெல் விஸ்டா வகையில் 2,000, அதோடு ஒயரின் சில ஓம் சேர்ந்து வர வேண்டும். வெறும் 3, 5 ஓம் வந்தால் ரெசிஸ்டர் தப்பான இடத்தில் இருக்கிறது.

கதவைத் திறந்தால் மீட்டர் முடிவிலி காட்டும், அது ஒற்றை ரெசிஸ்டர் முறை. இரட்டை முறை செய்தால் இன்னும் நல்லது: ஒன்று தொடரில், ஒன்று சுவிட்சுக்குக் குறுக்கே. டிஎஸ்சியில் மூடினால் 5,600, திறந்தால் 11,200. ஒயரை வெட்டினால் முடிவிலி, முறுக்கினால் பூஜ்யம். நாலு நிலையும் தனித்தனியாகத் தெரியும், கதவு திறந்ததா ஒயரில் கை வைத்தார்களா என்று பேனலே பிரித்துச் சொல்லும். பேனல் புரோகிராமிலும் இரட்டை என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எல்லா ஜோனும் கோளாறு காட்டும்.

இரும்புக் கிரில்லில் காந்த சுவிட்ச் வைத்தவர்கள் இன்னொன்றும் பாருங்கள். இரும்பு காந்தத்தின் பலத்தை உறிஞ்சிவிடும். அட்டையில் 20 மில்லிமீட்டர் இடைவெளி என்று போட்டிருந்தால் இரும்பில் பாதிகூட வராது. அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்து உயர்த்துங்கள், இல்லையென்றால் ஷட்டருக்கென்று வருகிற கனமான வகையை வாங்குங்கள்.

லெபோ_பாசார்_மாடி

ஜார்ஜ் டவுன் கடைவீடுகளுக்குச் சுருக்கமாக. லெபோ பாசார் பக்கம் ஒரு கடை, முன் ஷட்டரில் இரண்டு சுவிட்ச், கீழ்த்தளத்தில் மூன்று சென்சார். மேல்மாடியில் எதுவுமே இல்லை, யாரும் தங்குவதில்லை என்பதால். வந்தவன் கூரை ஓடுகளை விலக்கி, காற்றுக்கிணறு (காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வீட்டுக்குள் விட்ட திறந்தவெளி) வழியாக மாடிக்கு இறங்கிவிட்டான். கீழே படி இறங்கும்போதுதான் அலாரம் அடித்தது, அதற்குள் மாடியில் இருந்த பெட்டி போய்விட்டது. இந்த வகை வீட்டில் கூரைதான் பலவீனம், அடுத்த வீட்டுச் சுவரும் பொதுச் சுவர். மாடிப்படி தலைப்பில் ஒன்று, காற்றுக்கிணற்றைப் பார்த்து ஒன்று. நகைப் பெட்டகம் இருந்தால் பெட்டகத்தின் உடம்பிலேயே அதிர்வு சென்சார், சுவரைக் குடைந்து வந்தாலும் அது உணரும்.

செந்தூல்_சிம்

ஜிஎஸ்எம் வைத்தவர்களுக்கு ஒன்று. 2021 டிசம்பரோடு நாட்டில் 3ஜி நிறுத்தப்பட்டது. 3ஜி மட்டும் தெரிந்த மாட்யூல்கள் அன்றைக்கே ஊமையாகிவிட்டன. செந்தூலில் ஒரு பட்டறையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அது மின்சாரம் வருகிறது என்பதற்கான விளக்கு, சிக்னலுக்கு இல்லை. சிம்முக்குப் பணம் போடாமல் காலாவதியான இடங்கள் இன்னும் அதிகம். பேனல் தினமும் ஒரு சோதனைச் செய்தி, அதாவது கான்டாக்ட் ஐடியில் 602, அனுப்பட்டும். ஒரு நாள் வராவிட்டால் அன்றே தெரியும். வீட்டு வைஃபை வழியாக அனுப்புபவர்கள் ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வையுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் போன அதே நொடியில் செய்தி போகும் வழியும் போய்விடும்.

அப்புறம் அந்தச் செராஸ் வீட்டில் சைரன் எந்த வகை? சொந்தமாகப் பேட்டரி உள்ள வெளிச் சைரன் என்றால் பேனல் சாய்ந்த நொடியிலேயே தானாக அலறியிருக்க வேண்டுமே.

செராஸ்_வயரிங்

அங்கே இருந்தது வெறும் ஹார்ன், பேனல் கொடுத்தால்தான் அடிக்கும். அதுவும் 20 மீட்டர் தள்ளி, மெல்லிய 0.22 சதுர மில்லிமீட்டர் ஒயரில். போக வர 40 மீட்டர், மீட்டருக்கு 0.08 ஓம், ஹார்ன் 1 ஆம்பியர் இழுத்தால் 3 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே கரைந்துவிடும். இப்போது சொந்த பேட்டரியுள்ள வெளிச் சைரன், யாராவது கழற்றினால் காட்டிக்கொடுக்கும் டாம்பர் சுவிட்சோடு.

ஜெலுகோர் தம்பி சொன்ன மாதிரி தனி ஆர்சிபிஓவும் போட்டாச்சு. புது பேட்டரி வைத்து, இரண்டு நாள் சார்ஜ் ஏறவிட்டு, சனிக்கிழமை காலை 8 மணிக்கு அலாரம் வழியை மட்டும் அணைத்தோம். 8:30க்கு வீட்டுக்காரம்மா போனில் செய்தி. பேட்டரி குறைவு என்று இரண்டாவது செய்தி ஞாயிறு அதிகாலை 2:25க்கு. 18 மணி நேரத்துக்கு மேல். உடனே மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தோம், முழுதாக வடியவிட்டால் பேட்டரி கெட்டுவிடும். இதைச் செய்கிறவர்கள் அடுத்த ஒரு நாள் முழுக்க வீட்டில் யாராவது இருங்கள், பேனல் மெதுவாகத்தான் திரும்ப ஏற்றும்.