மறுமொழி: ‘குரூப் ஸ்டேஜ்’ – ‘கூறாட்டம்’ எனலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

கால்பந்து உலகக் கோப்பையில் அணிகள் சிறு கூட்டங்களாகப் பிரிந்து ஆடும் முதற்கட்டமான ‘குரூப் ஸ்டேஜ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்ட இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: குழுநிலை, பிரிவுச் சுற்று, லீக் சுற்று, குடும்பு. ஐந்தாவதாக நான் ஒன்றை வைக்கிறேன்: கூறாட்டம். மடல் நீளும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துக்காரன். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். வீட்டிலும் சந்தையிலும் எங்களுக்குத் தமிழ், அலுவலகத் தாள்களில் மலையாளம். உலகக் கோப்பை தொடங்கிவிட்டால் எங்கள் வாசகசாலைக் கரும்பலகையின் நடுவே கோடு போட்டு, ஒரு பாதியில் மலையாளத்திலும் மறுபாதியில் தமிழிலும் ஆட்ட முடிவுகளை எழுதிவைப்போம். தமிழ்ப் பாதி என் பொறுப்பு. மலையாளப் பாதியில் ‘குரூப் கட்டம்’ என்று எழுதுகிறார்கள். நான் நாளிதழ்களைப் பார்த்து ‘லீக் சுற்று’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

2022 நவம்பர் 22 அன்று மாலை அர்ஜென்டினா சவூதி அரேபியாவிடம் 1-2 என்று தோற்றது. தெரு முழுக்க நீலமும் வெள்ளையுமாகத் தோரணம் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளி விட்டு வந்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பலகையைப் படித்தான். “அப்படியானால் மெஸ்ஸி ஊருக்குப் போய்விடுவாரா மாமா?” என்று கேட்டான். குரலே உடைந்துவிட்டது. அவன் கண்ட பந்தாட்டம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ். அறுவடை முடிந்த வயலில், கமுகு மரம் நட்டுக் கட்டிய கேலரிக்கு நடுவில், இரவு விளக்கொளியில் ஆடுவது. அங்கே பெரும்பாலும் தோற்ற அணி அன்றிரவே வண்டி ஏறிவிடும். “இல்லையப்பா, இது லீக் சுற்று” என்றேன். அந்தச் சொல் அவனுக்கு எதையும் சொல்லவில்லை. நான்கு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் ஆடும், வென்றால் மூன்று புள்ளி, சமனானால் ஒன்று, முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மேலே போவார்கள் என்று விரல் மடக்கிச் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தான்.

அன்றிலிருந்து இந்தச் சொல் என் மனத்தில் கிடந்து உறுத்துகிறது. ‘கோல்’, ‘பெனால்டி’, ‘கார்னர்’ ஆகியவற்றைத் தமிழாக்க நான் அவசரப்படவில்லை. அவை கண்ணெதிரே நடப்பவை. கைகாட்டினால் குழந்தைக்கும் புரியும். ‘குரூப் ஸ்டேஜ்’ அப்படிக் காட்ட முடியாத ஒன்று. அது ஓர் ஏற்பாடு, ஒரு கணக்கு. அதற்கு வரும் பெயர் அந்தக் கணக்கில் பாதியையாவது தானே சொல்லவேண்டும். காலிறுதி, அரையிறுதி என்ற சொற்களைப் பாருங்கள். இன்னும் எத்தனை படி பாக்கி என்பதை அவை தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அவற்றை யாரோ உட்கார்ந்து ஆக்கினார்கள் என்ற நினைப்பே இன்று நமக்கு வருவதில்லை.

வந்த சொற்களைப் பற்றி:

> நாளிதழ்கள் பல்லாண்டாக ‘லீக் சுற்று’ என்கின்றன. மாற்றுவானேன்?

மாற்றத்தான் வேண்டும் ஐயா. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் 2024-25 பருவத்தில் குரூப்களையே எடுத்துவிட்டது. 36 அணிகளும் ஒரே பட்டியலில் நிற்கின்றன, ஒவ்வொன்றும் எட்டு ஆட்டம் ஆடுகிறது. உண்மையான லீக் சுற்று அதுதான். நான்கு நான்காகப் பிரிந்து ஆடும் உலகக் கோப்பையையும் அதே பெயரால் அழைத்தால் இரண்டு வேறு ஏற்பாடுகள் ஒரே பெயரில் ஒளிந்துகொள்ளும்.

‘பிரிவு’ ஏற்கெனவே மகளிர் பிரிவு, 17 வயதுக்குட்பட்டோர் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று மூன்று வேலை பார்க்கிறது. இலங்கை நண்பரின் ‘குழுநிலை’ நல்ல சொல்தான். ஆனால் குழு என்றால் அணி என்றும் பொருள்படுகிறது, ‘நிலை’யோ பட்டியலில் பிடிக்கும் இடத்துக்கும் வேண்டியிருக்கிறது. ‘சுற்று’ வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இந்தக் கட்டத்துக்குள்ளேயே மூன்று சுற்றுகள் உண்டு. முதல் சுற்று ஆட்டம், இரண்டாம் சுற்று ஆட்டம் என்று எழுத அந்தச் சொல் நமக்குத் தேவை.

‘குடும்பு’ என்ற முன்மொழிவைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க மகிழ்ச்சியாக இருந்தேன். சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த செய்தியை நண்பர் நினைவுபடுத்தினார். கால்பந்துக் குலுக்கலிலும் பாத்திரத்துக்குள் பெயர் இருக்கிறது, கை நுழைகிறது, சீட்டு வெளியே வருகிறது. ஆனால் திசை வேறு. உத்திரமேரூரில் குடும்பு முதலில் இருந்தது, அதிலிருந்து ஆளை எடுத்தார்கள். இங்கே எடுத்து எடுத்துத்தான் குரூப்பே உருவாகிறது. தவிர, குடும்பு என்று அச்சிட்டால் குடும்பம் என்பதன் பிழை என்றே வாசகர் நினைப்பார். ஆகவே குடும்பை விட்டுவிட்டுக் குடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். குலுக்கலுக்கு முன் அணிகளைத் தரவாரியாக இட்டுவைக்கும் அந்த நான்கு பாத்திரங்களுக்கு முதற்குடம், இரண்டாம் குடம் என்ற பெயர் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இனி ‘கூறு’.

மாங்காய்க் காலத்தில் எங்கள் வாரச்சந்தையில் எடை போடாமல் கூறுகட்டி விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாக்கு விரித்து, அதன்மேல் நான்கு நான்காக வைப்பார்கள். ஓர் ஆத்தாவின் கையை நான் கவனித்திருக்கிறேன். முதலில் பெரிய காய்களைக் கூறுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போவார். பிறகு அடுத்த தரம், அதற்கடுத்த தரம், கடைசியாகச் சிறுகாய். பெருங்காய்களையெல்லாம் ஒரே கூறில் வைத்தால் மற்றக் கூறுகளை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். உலகக் கோப்பைக் குலுக்கலின் சூத்திரமும் இதுதான். வலிய அணிகள் முதற்குடத்தில், அடுத்தவை அடுத்தடுத்த குடங்களில். ஒவ்வொரு குடத்திலிருந்தும் கூறுக்கு ஒன்று. 32 அணிகளை எட்டுக் கூறுகளாகக் கட்டினார்கள். 2026இல் 48 அணிகள், 12 கூறுகள். ‘அணிகளைக் குரூப்களாகப் பிரித்தார்கள்’ என்பதைக் ‘கூறுகட்டினார்கள்’ என்று ஒரே வினையில் சொல்லிவிடலாம். சொல்லைப் பரணிலிருந்து இறக்கவும் வேண்டாம், சந்தையில் இன்றும் புழங்குகிறது.

கூறு என்றால் பங்கும்கூட. பாகப் பிரிவினையில் ‘என் கூறு’ என்கிறோம். இந்தக் கட்டத்தின் உயிர் அந்தப் பொருளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தோற்றவர் அப்போதே வெளியேறும் நாக் அவுட் ஆட்டத்தில் உன் விதி உன் காலில். இங்கே அப்படியில்லை, நான்கு பேருக்கும் பொதுவான கணக்கில் உனக்கு ஒரு பங்கு, அவ்வளவே. நீ ஆடாத ஆட்டமும் உன்னை வீட்டுக்கு அனுப்பும்.

அதே 2022இல், அதே அர்ஜென்டினாவின் கூறில், கடைசி நாள் என்ன நடந்தது? ஒரு மைதானத்தில் போலந்து அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி நின்றது. அதே நேரத்தில் இன்னொரு மைதானத்தில் மெக்சிகோ சவூதி அரேபியாவை 2-0 என்று முந்திக்கொண்டிருந்தது. போலந்து, மெக்சிகோ இரண்டுக்கும் நான்கு புள்ளிகள், கோல் வித்தியாசம் சமம், அடித்த கோல்கள் சமம், இருவரும் மோதிய ஆட்டமும் 0-0. தவறுகளுக்காக யார் குறைவாக மஞ்சள் அட்டை வாங்கினார்கள் என்று எண்ணிப் பார்க்கும் நிலை வந்துவிட்டது. அப்போது, ஆட்டம் முடியும் தறுவாயில், சவூதி அரேபியா ஒரு கோல் போட்டது. மெக்சிகோ 2-1 என்று வென்றும் கோல் வித்தியாசத்தில் பின்தங்கி வெளியேறியது. போலந்து தோற்றும் மேலே போனது. எங்கள் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. தொலைக்காட்சியில் ஓர் ஆட்டம், கைபேசியில் மற்றொன்று. கூறு என்ற சொல்லின் முழுப்பொருளை அன்றிரவு கண்ணால் கண்டேன்.

இந்தப் பொதுக்கணக்கை மனிதர்கள் திருத்தி எழுதவும் முடியும் என்பதை 1982இல் ஸ்பெயினின் கிகோன் நகரம் காட்டியது. அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தி, சிலியையும் வென்று, தன் ஆட்டங்களை முடித்துவிட்டது. மறுநாள் ஜூன் 25இல் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஒன்றிரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இருவருக்கும் இடம் உண்டு என்பது இருவருக்கும் தெரியும். பத்தாம் நிமிடத்தில் கோல் விழுந்தது. மீதி நேரம் முழுக்கப் பந்தை இங்குமங்கும் உருட்டினார்கள். ஏதும் செய்ய இயலாமல் அல்ஜீரியா வெளியே நின்றது. 1986 முதல் ஒரு கூறின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். அல்ஜீரியாவுக்குச் செய்த அநீதியை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. என்னை இந்தச் சொல்லோடு கட்டிப்போட்டது அதுதான். கடினமான அணிகள் ஒன்றாக விழும் கூட்டத்தை ‘மரணக் குழு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். 1970இல் இங்கிலாந்து, பிரேசில், செக்கோஸ்லோவாக்கியா, ருமேனியா நான்கும் ஒரே இடத்தில் விழுந்தபோது மெக்சிகோ பத்திரிகைகள் வைத்த பெயர் அது. கூறு என்று எடுத்துக்கொண்டால் நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். தஞ்சாவூர்க் கூற்றம், ஆவூர்க் கூற்றம் என்று சோழர் கல்வெட்டுகளில் நாட்டின் ஒரு பிரிவுக்குப் பெயர் கூற்றம். உயிரைக் கொண்டுபோகும் எமனுக்கும் பெயர் கூற்றம். உடலையும் உயிரையும் கூறு செய்வதால் கூற்று என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். பிரிவும் மரணமும் ஒரே சொல்லில் நமக்காகவே காத்திருப்பதுபோல் இருக்கிறது. “இந்தக் குலுக்கலில் கூற்றம் எது?” என்று கேட்டால் போதும்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது என்பது என் கட்சி. நான் எழுதிப் பார்த்தவை இவை. ‘கூறாட்டத்தின் முதல் சுற்றில் தோற்ற அர்ஜென்டினா, தன் கூறில் முதலிடம் பிடித்துக் கோப்பையையும் வென்றது.’ ‘1994 கூறாட்டத்தில் மெக்சிகோ, அயர்லாந்து, இத்தாலி, நார்வே நான்கும் தலா நான்கு புள்ளிகளோடு, கோல் வித்தியாசமும் சுழியமாக முடித்தன, நார்வே மட்டும் வெளியேறியது, மூன்றாமிடத்தில் தப்பிப் பிழைத்த இத்தாலி இறுதியாட்டம் வரை சென்றது.’ என் காதுக்கு உறுத்தவில்லை. உங்கள் காதுக்கு எப்படி என்று எழுதுங்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து

* * *

மீண்டும் வணக்கம். நேற்று வந்த மறுப்புக்கு இந்த மடல்.

> ‘கூறுபோடுவது’ என்றால் வெட்டிப் பிரிப்பது. ‘கூறுகெட்டவன்’ வசைச்சொல். விளையாட்டுக்கு இது பொருந்துமா?

அம்மா, இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கூறுகெட்டவன் என்றால் கூறு இல்லாதவன். அங்கே கூறு என்பது ஒழுங்கு, பகுத்தறியும் திறன். கெட்டுப்போனதால்தான் வசை. எனவே அந்தச் சொல் எனக்குச் சாட்சியாகவே நிற்கிறது.

முதலாவது எனக்கும் வலித்த இடம். 1956 நவம்பர் 1இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது தமிழ் பேசும் எங்கள் வட்டம் கேரளத்தில் நின்றது. தேவிகுளமும் பீர்மேடும் அப்படியே. ‘கூறுபோட்டுவிட்டார்கள்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால்தான் வினையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். கூறுபோடுவது, ஒன்றாயிருந்ததை வெட்டுவது. கூறுகட்டுவது, உதிரியாய்க் கிடந்தவற்றைச் சேர்த்து வைப்பது. ஜப்பானும் கோஸ்ட்டாரிக்காவும் ஸ்பெயினும் ஜெர்மனியும் 2022இல் ஒரு கூறில் சேர்ந்தன. எதையும் வெட்டவில்லை. ‘கூறுகட்டு’ என்றே எப்போதும் எழுதுவோம். ‘கூறுபோடு’ என்பதை இந்தத் துறைக்குள் விடவேண்டாம். கலைச்சொல் பட்டியலில் அதையும் ஒரு குறிப்பாகச் சேர்த்துவிடலாம்.

பலகையின் மலையாளப் பாதியை எழுதும் நண்பரிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் மொழியில் கூறு என்றால் பற்று, விசுவாசம். கட்சி தாவுவதைக் ‘கூறுமாற்றம்’ என்பார்கள். அவர் பிறவிப் பிரேசில்காரர். சொல்லைக் கேட்டதும், “என் கூறு மாறாது” என்றார். எல்லைக்கு இருபுறமும் இப்படி ஒலிக்கும் சொல் வேறு கிடைக்குமா என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் தீரவில்லை. 2026 ஏற்பாட்டில் 12 கூறுகளிலும் முதல் இரண்டு இடம் பிடித்த 24 அணிகளோடு, மூன்றாமிடம் பெற்ற 12இல் சிறந்த எட்டும் மேலே போகின்றன. அந்தப் பன்னிரண்டையும் வரிசைப்படுத்தும் தனிப் பட்டியலுக்கு என்ன பெயர்? அதையும் கூறு எனக்கூடாது. அவர்கள் ஒருவரோடொருவர் ஆடியவர்களே இல்லை. ‘மூன்றாமிட வரிசை’ என்று இப்போதைக்குக் குறித்துவைத்திருக்கிறேன். இதைவிட நல்லதாக ஒன்று இருந்தால் சொல்லுங்கள். பலகைக்குக் கறுப்பு வண்ணம் பூசி 12 கட்டங்கள் வரையப்போகிறோம். தலைப்புகளைப் பெயிண்டில் எழுதுவதாக ஏற்பாடு, பிறகு அழிப்பது கடினம்.