ஐ.ஆர்.20-க்குள் இருக்கும் திரூர் நெல்

மாம்பலம் மாடிவீடு:
நேற்று மயிலாப்பூரில் தூயமல்லி என்ற பாரம்பரிய ரக அரிசி வாங்கினேன். "ஆராய்ச்சி நிலைய ரகமெல்லாம் இயற்கைக்கு விரோதம், சத்தே கிடையாது" என்றார் கடைக்காரர். எனக்கும் அப்படித்தான் படுகிறது. விளைச்சலை மட்டுமே பார்த்துப் பொறுக்கி, ருசியையும் வைக்கோலையும் தொலைத்துவிட்டார்கள். ஐ.ஆர்.8 என்ற குட்டை ரக நெல்லின் சோறு ஆறினால் விறைத்துவிடும், தாத்தா திட்டிக்கொண்டேதான் சாப்பிடுவார்.

திருவள்ளூர் நாற்று:
இயற்கைக்கு விரோதம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். சென்னைக்குப் பக்கத்தில் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகம் டி.கே.எம்.6. அதன் பெற்றோரில் ஒன்று ஜி.இ.பி.24. கோணாமணி நெல்லில் தானாக மாறி நின்ற செடியைக் கோவையில் அடையாளம் கண்டு, 1921-ல் கொடுத்த ரகம் அது. டி.கே.எம்.6 தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சியை ஓரளவு தாங்கும். அதனால்தான் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், அங்கே உருவான ஐ.ஆர்.20 ரகத்துக்குப் பெற்றோரில் ஒன்று ஆனது.

இப்படி இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மாலையில் பூவின் உமி நுனியைக் கத்தரித்து, உள்ளேயுள்ள ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, கதிருக்குக் காகித உறை மாட்டுவார்கள். மறுநாள் காலை பூ விரியும் நேரத்தில் மற்ற ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து மேலே உதறுவார்கள். அவ்வளவுதான். இரண்டாம் தலைமுறையில் ஒரு செடி மாதிரி இன்னொன்று இருக்காது. அப்புறம் ஆறேழு தலைமுறை வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்க வேண்டும்.

மாம்பலம் மாடிவீடு:
சரி, முறையில் தப்பில்லை. எதைப் பார்த்துக் கழிக்கிறார்கள்? எங்கள் பாட்டி அறுப்புக்கு முன்னால் வயலில் இறங்கி விதைக்கென்று கதிர் பொறுக்குவார். மாட்டுக்கு வைக்கோல் காணுமா, பழையதுக்குச் சோறு நிற்குமா என்பதெல்லாம் அவர் கணக்கில் உண்டு. குட்டை ரகத்தில் இதை யார் பார்த்தார்கள்?

வேளச்சேரி வாசகி:
பாட்டி பக்கம்தான் நானும். இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் சுவர்ணா சப்-1 என்ற ஆராய்ச்சி நிலைய ரகத்துக்கு அந்தக் குணம் ஒடிசாவின் பழைய நெல் வழியாக வந்தது. அங்கே உழவர்கள் அதைக் கைவிட்டிருந்தால் ஆராய்ச்சியாளர் எதைக் கொண்டு ஒட்டுச் சேர்த்திருப்பார்? நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களை மீட்டது அதனால்தான் பெரிய காரியம்.

திருவள்ளூர் நாற்று:
அதில் எனக்கு மறுப்பே இல்லை அம்மா. வைக்கோல் விஷயத்திலும் சார் சொல்வது நியாயம், சாயாத குட்டைத் தாளுக்காக அதை விட்டுக்கொடுத்தோம். ஆனால் சத்து போவதில் ஆலைக்குப் பெரும் பங்கு உண்டு. தவிடு போகத் தீட்டினால் தூயமல்லியிலும் சத்து போகும். சார், நீங்கள் வாங்கிய அரிசி என்ன நிறம்?

மாம்பலம் மாடிவீடு:
வெள்ளை வெளேரென்றுதான் இருக்கிறது. தீட்டாதது கிடைக்குமா என்று நாளைக்குக் கடையில் கேட்கிறேன்.