வௌவால் பெட்டி சூடாகுது, அவசரம், யாராவது சொல்லுங்க

தாழ்வாரம்:
வௌவால் தங்கறதுக்கு மரப்பெட்டி மாட்டி, வௌவாலும் வந்தாச்சு. ஆனா மத்தியானம் எல்லாம் வாசல் பக்கம் இறங்கி, ஒட்டாம தள்ளித் தள்ளித் தொங்குது. ஒன்னு தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்குது. என்ன பண்ணலாம்?

இரவாடி:
எத்தனை அறை (பலகைகளுக்கு நடுவே வௌவால் தொங்கற இடுக்கு)? என்ன நிறம்? எந்தத் திசை? சுவரா, கம்பமா? உள்ளே சூடு எவ்வளவு? முக்கியமா, குட்டி இருக்கா?

பழைய_ஆணி:
நிறம்தான் காரணம். கறுப்பு அடிச்சிருப்பீங்க. வெள்ளை பெயின்ட் அடிங்க, தீர்ந்தது.

இரவாடி:
உள்ளே வௌவால் இருக்கும்போது பெயின்டா? வேண்டவே வேண்டாம்.

கூர்முனை:
அடிப்படை தெரியாம பெட்டி மாட்டிட்டு அப்புறம் ஓடி வர்றது இங்கே வழக்கமாப் போச்சு. தாய் வௌவாலுக்குக் கதகதப்பு வேணும், குட்டி சீக்கிரம் வளரும். ஏறக்குறைய 30லிருந்து 38 டிகிரி வரை நல்லது. 40 தாண்டினா ஆபத்து. பெருசு பறந்து தப்பிக்கும், பறக்கத் தெரியாத குட்டி எங்கே போகும்? இதெல்லாம் மரத்தை அறுக்கறதுக்கு முன்னாடி படிக்க வேண்டியது.

தாழ்வாரம்:
ஒரே அறை. கரும்பழுப்பு. மேற்குச் சுவர். மழைக்காக மேலே தகரம் அடிச்சிருக்கேன். தெர்மாமீட்டரை வாசல்ல வெச்சேன், 37. அப்போ சரிதானே?

இரவாடி:
சரியில்லைங்க. சூடான காத்து மேலேதான் தங்கும். வாசல்லயே 37னா மேல் மூலை 40 தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம், அதான் எல்லாம் கீழே இறங்குது. தகரம் பலகையோட ஒட்டியிருந்தா அந்தச் சூடு நேரா உள்ளே இறங்கும். பெட்டியைக் கழட்டாதீங்க. இருட்டி எல்லாம் கிளம்பினப்புறம், தகரத்துக்கு மேலே இடைவெளி விட்டு, மேற்குப் பக்கம் நீட்டி ஒரு பலகைக் கூரை வைங்க. ஆணி அடிக்காம கட்டுங்க, குட்டி உள்ளேயே இருக்கும். பறக்கற வழியை மறைக்காதீங்க. கீழே ஏதாவது விழுந்து கிடந்தா வெறுங்கையால தொடாதீங்க, ரேபிஸ் பயம் இருக்கு.

கிளைநிழல்:
இவ்வளவு எதுக்கு? மரத்துல மாட்டுங்க, நிழல் தானா வரும்.

பழைய_ஆணி:
மரத்துல பூனையும் பாம்பும் ஏறும். கிளை குறுக்கே நின்னா வௌவாலுக்கு இறங்கி வரவும் இடமில்லை. கம்பம்தான் நல்லது.

கிளைநிழல்:
காட்டுல மரப்பொந்துல இருக்கறது வௌவால் இல்லையா?

இரவாடி:
பொந்தைச் சுத்தி கனமான உயிர்மரம் இருக்கு, சூடு மெதுவா ஏறி மெதுவா இறங்கும். மெல்லிசுப் பலகை அப்படியில்லை. அடுத்த பெட்டிக்கு: 60 செ.மீ.க்குக் குறையாத உயரம், 2 செ.மீ. அகலத்துல மூணு நாலு அறை, வெயில் கடுமையான இடம்னா முன்பக்கம் அடியிலிருந்து 15 செ.மீ. மேலே ஒரு காத்து இடுக்கு. பக்கத்துலயே கிழக்கு பார்த்து இன்னொன்னும் மாட்டுங்க. சூட்டுக்குத் தக்கபடி அதுகளே இடம் மாறிக்கும்.

கொசுவலை:
எப்படியோ, கொசு ஒழிஞ்சா சரி. ஒரு வௌவால் மணிக்கு நூத்துக்கணக்குல கொசு தின்னுமாமே.

கூர்முனை:
அந்தக் கணக்கு எல்லாரும் ஒப்பிக்கறது. பூட்டின அறைக்குள்ள கொசுவை மட்டும் விட்டுப் பார்த்த சோதனையை வெளியுலகத்துக்குப் பெருக்கிச் சொல்றாங்க. பல இனம் அந்துப்பூச்சியும் வண்டும்தான் அதிகம் தின்னும்.

கொசுவலை:
தின்னாதுன்னு நீங்க பார்த்தீங்களா?

கூர்முனை:
தின்னாதுன்னு நான் எங்கே சொன்னேன்? முதல்ல ஒழுங்கா படிங்க.

தாழ்வாரம்:
கூரை வெச்சாச்சு. இப்போ மத்தியானமும் மேலேயே இருக்கு. மேல் மூலையில 36. நன்றி.

இரவாடி:
நல்ல செய்தி. குட்டி இருக்கான்னு கேட்டேனே? இருந்தா, அதுங்க பறக்கப் பழகற வரைக்கும் பெட்டியில வேற எதுவும் மாத்தாதீங்க.