படைப்புக்கு மறுநாள் எந்த இசைத்தட்டு?

குழு: பெரிய வீட்டுப் பிள்ளைகள்

வெள்ளிக்கிழமை

நான், காலை 7.12
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கா அண்ணன் சென்ற முறை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் இயந்திரம்), நேற்று இரவுதான் முதன்முறையாகச் சரியான வேகத்தில் ஓடியது. முன்னோர்களுக்குப் படையல் வைக்கும் படைப்புக்காக எல்லாரும் ஊருக்கு வருகிறோம் அல்லவா, மறுநாள் மாலை முற்றத்தைச் சுற்றிய வளவில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து, ஒரு ராக் ஆல்பத்தை முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து இரண்டாம் பக்கத்தின் கடைசி ஒலி வரை இடையில் பேசாமல் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. ஒன்றே ஒன்றுதான். எது என்பதை இப்போதே பேசி முடிவு செய்துகொள்வோம்.

அமெரிக்கா அண்ணன், காலை 7.40
மிக்க மகிழ்ச்சி, தம்பி. ஆனால் இங்கே ஒழுங்காக ஓடிய இயந்திரம் அங்கே ஏன் மெதுவாக ஓடியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. டிரான்ஸ்பார்மரும் வாங்கி வைத்துவிட்டுத்தானே வந்தேன்?

நான், காலை 7.58
டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 110 ஆகக் குறைத்துக் கொடுக்கும், அண்ணன். மின்சாரத்தின் அதிர்வெண்ணை அது மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. இந்த மோட்டார் அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டுச் சுற்றுகிற வகை. அதனால் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்ற வேண்டிய தட்டு இங்கே 28 சுற்றுக்கும் குறைவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. லேபிளின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி எண்ணிப் பார்த்தேன். மூன்று நிமிடத்தில் 100 சுற்று வர வேண்டும், 83தான் வந்தது. மோட்டார் தலையில் இருக்கும் சின்னக் கப்பியைவிட விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பெரியதாக, காரைக்குடியில் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கி மாட்டினேன். நேற்று எண்ணியபோது 100 சரியாக வந்தது. அந்தக் கணத்தில் இருந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தேவகோட்டை ஆச்சி, காலை 8.20
தம்பி, நீ எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே என் காதுக்குத் தெரிந்துவிட்டது. போன மாதம் நான் வந்திருந்தபோது நீ வைத்த 'ஹியர் கம்ஸ் த சன்' பாட்டு ஆறு கட்டைச் சுருதியில் ஒலிக்க வேண்டியது. நாலரைக் கட்டைக்கு இறங்கிச் சோர்ந்துபோய்க் கேட்டது. வீணை வாசித்த காது அதைத் தாங்காது. எழுந்து உள்ளே போய்விட்டேன், நீ தவறாக நினைத்திருப்பாய் என்று இன்றுவரை எனக்குச் சங்கடமாக இருந்தது. சுருதி சரியாகிவிட்டதென்றால் என் வாக்கு பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' தட்டுக்குத்தான்.

பள்ளத்தூர் அம்மான், காலை 8.45
ஆத்தா சொன்னது நல்ல தட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கமாகக் கேட்பது என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பீட்டில்ஸின் 'ஆபி ரோடு'. 1969இல் வந்தது. நான் சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, மூன்று மாதம் காப்பிச் செலவை மிச்சப்படுத்தி அதை வாங்கினேன். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ஏறக்குறைய எட்டு நிமிடம் ஒரே சுழலாகச் சுற்றிச் சுற்றிக் கனத்துக்கொண்டே போய், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அறுத்ததுபோல் நின்றுவிடும். அறை முழுவதும் ஓர் அமைதி. நாம்தான் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிவைக்க வேண்டும். முள்ளை இறக்கியதும் இரண்டாம் பக்கம் 'ஹியர் கம்ஸ் த சன்' என்ற அந்தச் சூரியன் பாட்டோடு பொழுது விடிந்ததுபோல் தொடங்கும். தொலைபேசியில் கேட்கிற பிள்ளைகளுக்கு அந்த இருட்டும் விடியலும் ஒரு நொடியில் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. எழுந்து நடக்கிற அந்த நாலு அடியும் ஆல்பத்தில் சேர்ந்ததுதான் என்பது என் கருத்து.

தேவகோட்டை ஆச்சி, காலை 9.05
அம்மான், எழுந்து நடக்கிற நாலு அடி என் தட்டிலும் உண்டு. முதல் பக்கம் முடிகிற இடத்தில் கிளேர் டோரி என்ற பெண் சொல்லே இல்லாமல் குரலை மட்டும் வைத்துப் பாடுகிறார். நம் ஆலாபனையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவே இருக்காது. பிறகு தட்டைத் திருப்பினால், ஏழு எண்ணிக்கையில் நடக்கிற 'மணி' (பணம்) என்ற பாட்டு. மிஸ்ர சாபு போட்டுப் பழகிய கை அதற்குத் தானாகத் தாளம் போடும். கிட்டார் தனியாக வருகிற இடத்தில் அது நாலு எண்ணிக்கைக்கு மாறுவதைக் கவனித்துப் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு 1973இல் அந்தப் பாட்டுக்காகக் கொடுத்த கூலி 30 பவுண்டு. பாட்டை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு என்று அவர் பெயர் சேர்ந்தது 2005இல், அதுவும் வழக்குப் போட்ட பிறகு. படைப்புக்கு நம் வீட்டுப் பெண்களெல்லாம் கூடுகிற நாளில் அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

சென்னைத் தம்பி, காலை 10.30
எல்லாருக்கும் வணக்கம். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரைச்சல் இல்லாமல், மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே உள்ள இடைவெளியை அப்படியே தருவதில் இசைத்தட்டைவிடக் குறுந்தகடு மேலானது. இதில் வாதத்துக்கு இடமில்லை. தட்டின் விளிம்பில் முள்ளுக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறதென்றால், பக்கத்தின் முடிவில் நடுவுக்கு அருகே 21 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அதே ஒலியை விளிம்பில் கிடைத்ததில் பாதியைவிடக் குறைந்த நீளத்தில் செதுக்க வேண்டியிருப்பதால், உச்ச ஒலிகள் அங்கே மங்கும். தட்டு வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தப் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான், காலை 11.15
நான் இதுவரை என் வாக்கைச் சொல்லவில்லை. என் வாக்கு லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்துக்கு. 1971 நவம்பரில் வந்தது. உறையில் ஆல்பத்தின் பெயரும் இருக்காது, குழுவின் பெயரும் இருக்காது. ஏன் அதுதான் வேண்டும் என்கிறேன் என்றால், அது ஒரு வீட்டில் பிறந்த ஆல்பம். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று 1795இல் ஏழைகள் விடுதியாகக் கட்டப்பட்ட பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாசலில் நிறுத்தி, கம்பிகளை வீட்டுக்குள் இழுத்து, ஆல்பத்தின் பெரும்பகுதியை அங்கேயே வாசித்தார்கள். கடைசிப் பாட்டான 'வென் த லெவி பிரேக்ஸ்' பாட்டுக்கு ஜான் போனமின் டிரம்ஸை மாடிப்படிக்கு அடியில் நடைக்கூடத்தில் வைத்துவிட்டு, மைக்கை அருகில் கொண்டுபோகாமல், மேலே படிக்கட்டிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். ஆகவே நாம் கேட்பது டிரம்ஸின் ஒலியை மட்டும் அல்ல. மூன்று மாடி உயரமுள்ள ஒரு வீட்டின் வெற்றிடம் அதற்குத் தருகிற பதிலையும் சேர்த்துத்தான். அதே வண்டிதான் அந்த ஆண்டு டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோ நகரத்துக்குப் போய், ஒரு ஹோட்டலின் நடைக்கூடத்தில் டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தைப் பதிவு செய்தது. சிறு வயதில் மழை நாளில் வளவுத் தூண்களுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடும்போது நம் குரல் நமக்கே பெரிதாகத் திரும்பி வருமே, அதை நினைத்துப் பாருங்கள். வீட்டில் பிறந்த ஆல்பத்தை நம் வீட்டில்தான் கேட்க வேண்டும்.

பள்ளத்தூர் அம்மான், காலை 11.40
நீ சொல்வதைக் கேட்டதும் எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வருகிறது. காரைக்குடியில் பிறந்து, இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்குப் போனவர் ஏ.வி. மெய்யப்பன். யுத்த காலத்தில் சென்னையை விட்டு வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டார். 1947இல் வந்த 'நாம் இருவர்' இங்கேதான் உருவானது. ஒலியைப் பிடிக்க ஊர் ஊராகப் போவது நமக்கும் புதிதல்ல.

சென்னைத் தம்பி, பகல் 12.10
அண்ணன், நீங்கள் சொன்ன காரணமே அந்த ஆல்பத்துக்கு எதிரான காரணம் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பாட்டுக்குள் ஏற்கெனவே ஒரு வீட்டின் எதிரொலி இருக்கிறது. நம் சுவர்களோ முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துக் கண்ணாடிபோல் தேய்த்தவை. தரையில் ஆத்தங்குடிக் கல். ஒலியை உறிஞ்சிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீட்டை வைத்தால் இரண்டும் குழம்பும். போதாததற்கு, அது இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு. நான் சொன்ன 21 சென்டிமீட்டர் பகுதி. இன்று இரவு ஒவ்வோர் இடத்திலும் நின்று கைதட்டிப் பாருங்கள், பிறகு பாட்டையும் வைத்துப் பாருங்கள்.

தேவகோட்டை ஆச்சி, பகல் 12.25
அப்பத்தா பக்கத்தில் இருக்கிறார்கள். முன்பு நீ அனுப்பிய உன் ஆல்பத்தின் உறைப் படத்தைக் காட்டினேன். சுள்ளிக்கட்டைச் சுமந்துகொண்டு நிற்கிற அந்தக் கிழவர் யார், எந்த வீட்டுப் பெரியவர், ஏன் இடிந்த சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள்.

நான், பகல் 12.40
அவர் வில்ட்ஷயரைச் சேர்ந்த கூரை வேய்கிறவர் என்று அப்பத்தாவிடம் சொல்லுங்கள். 1892இல் எடுத்த நிழற்படம் அது. அவர் யார் என்பதே 2023இல்தான் தெரியவந்தது. அந்தக் கடைசிப் பாட்டு கரை உடைப்பைப் பற்றியது என்பதையும் சொல்லுங்கள். 1927இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்து ஊர்களை அழித்ததைப் பற்றி, மெம்பிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்த பாட்டைத்தான் இவர்கள் எடுத்துப் பாடியிருக்கிறார்கள்.

தேவகோட்டை ஆச்சி, பகல் 1.05
கண்மாய் உடைந்த வருடம் விளக்கை எடுத்துக்கொண்டு எல்லாரும் கரைக்கு ஓடியதை அப்பத்தா அரை மணி நேரம் சொன்னார்கள். அந்தப் பாட்டைத் தானும் கேட்க வேண்டும் என்கிறார்கள்.

சனிக்கிழமை

நான், காலை 6.30
நேற்று இரவு பதினொரு மணி வரை சோதித்துப் பார்த்தேன். தம்பி சொன்னதே சரி. பட்டாலைக் கூடத்தில் கைதட்டினால் ஒலி தூணுக்குத் தூண் தாவி அடங்கச் சற்று நேரம் பிடிக்கிறது. அங்கே ஸ்பீக்கரை வைத்து அந்தப் பாட்டைப் போட்டபோது, ஓர் அடி அடங்குவதற்குள் அடுத்த அடி வந்து விழுந்து, டிரம்ஸ் முழுவதும் ஒரே முழக்கமாகிவிட்டது. நான் இத்தனை வருடம் மனத்தில் கட்டிவைத்திருந்த காட்சி கலைந்துபோனதில் வருத்தமாகத்தான் இருந்தது. முற்றத்தின் ஓரத்துக்கு நகர்த்தினால் ஒலி வானத்தோடு போய்விடுகிறது. குழப்பம் குறைகிறது, கனமும் குறைகிறது.

பிறகு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மாடி அறைக்குப் போனேன். படைப்புக்கு வருகிறவர்கள் படுப்பதற்காக இறக்கிவைத்த மெத்தைகளும் தலையணைகளும் மூன்று சுவர் ஓரமும் அடுக்கியிருக்கின்றன. மேலே தேக்குக் கூரை. அங்கே கைதட்டினால் ஒரு தட்டல், அவ்வளவுதான். தட்டை வைத்தேன். முதல் அடி விழுந்ததும் அந்த மாடிப்படியின் உயரம் எனக்குத் தெரிந்தது. அடி கீழே விழுகிறது, ஒலி மேலே ஏறுகிறது, ஏறிய ஒலி திரும்பி இறங்குகிறது. நம் வீடு வாயை மூடிக்கொண்டால்தான் அந்த வீடு பேசுகிறது. சிம்பல் ஓசை சற்று மங்கல்தான், தம்பி சொன்ன உட்பள்ளத்தின் குறை அது. ஆனால் டிரம்ஸுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு நிமிடத்தைத் தொலைபேசியில் பதிந்து அனுப்புகிறேன்.

தேவகோட்டை ஆச்சி, காலை 6.55
கேட்டேன், தம்பி. ஒரு சந்தேகம். பாட்டு இழுத்துக்கொண்டு போகிறதே, கப்பி மறுபடியும் வேலையைக் காட்டுகிறதா?

நான், காலை 7.02
இல்லை, ஆச்சி. நேற்றும் எண்ணினேன், 100 சுற்று சரியாக இருக்கிறது. பதிவான பாட்டை இறுதிக் கலவையின்போது வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள். வெள்ளம் வந்து சேர்கிற கனம் அதனால்தான் வந்தது. உங்கள் காது இந்த முறையும் சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

தேவகோட்டை ஆச்சி, காலை 7.10
அப்படியானால் அது வேறு. கருவி தளர்ந்து இறங்குவதும், வாசிக்கிறவர் அறிந்து இறக்குவதும் காதுக்கு ஒன்றாகாது. மாலை மாடி அறையில் உன் தட்டையே வைத்துக்கொள்ளலாம், எனக்கு முழுச் சம்மதம். என் தட்டை மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, பிள்ளைகள் எழுந்திருப்பதற்கு முன் அதே அறையில் வைத்துக்கொடு. அது இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே அடங்குகிறது. வீட்டில் ஒரு பாத்திரம் உருண்டாலும் அந்தத் துடிப்பு கேட்காது.

பள்ளத்தூர் அம்மான், காலை 7.30
எனக்கும் சம்மதம். ஒன்றே ஒன்று என்று தொடங்கியது இரண்டாகிவிட்டது, ஆகவே மூன்றாவதாக என் 'ஆபி ரோடு' தட்டையும் எடுத்துவருகிறேன். அதை வளவிலேயே வைக்கலாமா என்று தம்பிதான் சொல்ல வேண்டும்.

சென்னைத் தம்பி, காலை 8.00
முற்றத்தின் ஓரத்தில் வைத்தால் நன்றாக இருக்கும், அம்மான். தட்டைக் காரின் பின்பெட்டியில் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் வளைந்துவிடும். படுக்கவைக்காமல் நிமிர்த்தி, துணிப்பையில், உங்கள் காலடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். அப்பத்தாவின் பெட்டகத்தில் பழைய 78 சுற்றுத் தட்டுகள் இருந்தால் யாரும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட வேண்டாம். அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் மெல்லிய துணியும் போதும். நான் வந்து துடைக்கிறேன்.

தேவகோட்டை ஆச்சி, காலை 8.15
பெட்டகத்தில் பதினொரு தட்டுகள் இருக்கின்றன என்று அப்பத்தா சொல்கிறார்கள். சாவி தங்களிடம்தான் இருக்கிறதாம். முதலில் கண்மாய்ப் பாட்டைப் போட்டால்தான் தருவார்களாம்.