சிங்க் போட்டபிறகு எஃப்எம் கூட்டினால் சுருதி ஓடுகிறது

வணக்கம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீவக அடுக்குமாடி வீட்டில் வாசிக்கிறேன். மூன்று வாரம் முன்பு செகண்ட்ஹேண்டில் வாங்கிய அனலாக் சிந்த் (சிந்தசைசர்): 37 கீ, இரண்டு ஆஸிலேட்டர் (ஒலியலையை உண்டாக்கும் பகுதி), மானுவல் கிடையாது. நாகஸ்வரம் மாதிரி ஒரு அடர்த்தியான குரல் வேண்டும்.

ஹார்டு சிங்க் (முதல் ஆஸிலேட்டரின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டாவதைப் புதிதாகத் தொடங்க வைப்பது) மட்டும் போட்டால் பிரமாதம். இரண்டாவது ஆஸிலேட்டரை எவ்வளவு ஏற்றினாலும் நாதம்தான் மாறுகிறது, ட்யூனர் 440-இலேயே நிற்கிறது. கமகம் வரவில்லையே என்று முதல் வாரம் முழித்தேன். பிட்ச் வீல் (சுருதியை வளைக்கும் சக்கரம்) இரண்டாவதை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது! முதலாவதுக்கு மாற்றியதும் சரியானது.

இப்போது சிக்கல் எஃப்எம், அதாவது ஒரு ஆஸிலேட்டரால் மற்றதன் அதிர்வெண்ணை வேகமாக ஆட்டுவது. அளவைப் பாதிக்கு மேல் திருகினால் சுருதி மேலே ஏறுகிறது, மேல் ஸ்தாயியில் இன்னும் மோசம்.

இங்கத்திய புழுக்கமோ என்று ஏர்கான் போட்டு, சிந்த்தை அரைமணி நேரம் சூடாகவிட்டேன். மறுபடி ட்யூன் செய்தேன். சா வேவ், சைன் என இரண்டு அலைவடிவமும் பார்த்தேன். சிங்க்கை அணைத்தாலும் இதே கதை. பேனலில் எஃப்எம் அம்புக்குறி 2-இலிருந்து 1-க்குப் போகிறது. அதாவது சுருதியைப் பிடிக்க வேண்டிய மாஸ்டரையே (முதலாவதையே) ஆட்டுகிறது என்பது என் சந்தேகம். எக்ஸ்போனென்ஷியல் எஃப்எம் (மின்னழுத்தம் கூடக் கூட அதிர்வெண் மடங்கு மடங்காக ஏறும் வகை) என்பதாலும் இருக்கலாம்.

பின்னால் ஒவ்வொரு ஆஸிலேட்டருக்கும் சிவி (சுருதியைக் கட்டுப்படுத்தும் மின்னழுத்தம்) இன்புட் உண்டு, முதலாவதின் தனி அவுட்புட்டும் உண்டு. அந்த அவுட்புட்டை இரண்டாவதின் சிவி இன்புட்டில் கொடுத்து எஃப்எம் செய்தால் சிங்க்கில் சுருதி நிற்குமா?