குறைதீர் கூட்டத்தில் பெண்களே பேச: வடிகால் மனுவுக்கு என்னென்ன வேண்டும்?

கேள்வி | கடைமடை, காட்டுமன்னார்கோவில் வட்டம்

வீராணம் பாசனத்தில் சம்பா. வடிகால் தூர்ந்து கிடப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வயல் முழுகுகிறது. நாற்று பறிப்பு, நடவு, களை என்று வயலில் நிற்பது பெண்கள். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுந்து பேசுவது ஆண்கள். இந்த முறை 22 பெண்கள் சேர்ந்து நாங்களே மனு கொடுத்துப் பேசப்போகிறோம். பட்டா பெரும்பாலும் கணவர், மாமனார் பெயரில். எங்களை விவசாயி என்று ஏற்பார்களா? மனுவோடு எதை இணைப்பது? எந்த மாதம் கொடுத்தால் வேலை நடக்கும்?

பதில் 1 | நன்செய்

அக்கா, மனு கொடுக்கப் பட்டா தேவையில்லை. யாராவது கேட்டால், 2007 தேசிய விவசாயிகள் கொள்கை குத்தகைதாரரையும் விவசாயத் தொழிலாளரையும்கூட விவசாயி என்றே வரையறுக்கிறது என்று சொல்லுங்கள். கையெழுத்துப் போடும்போது "இன்னாரின் மனைவி" என்பதோடு நிறுத்தாமல், பக்கத்திலேயே "சாகுபடியாளர்", புல எண் (சர்வே நம்பர்), எத்தனை ஏக்கர் என்று எழுதுங்கள். புல எண் இல்லாத கையெழுத்து வெறும் பெயர்ப்பட்டியல்தான்.

நிவாரணம், காப்பீடு என்று காசு வரும்போது கதை வேறு. அங்கே சிட்டாவும் (நிலம் யார் பெயரில் என்ற பதிவு) அடங்கலும்தான் (என்ன பயிர் நிற்கிறது என்ற பதிவு) பேசும். மாமனார் இறந்தும் பட்டா மாறாமல் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கிக் கூட்டுப் பட்டாவுக்கு இப்போதே எழுதுங்கள். உயில் எழுதாமல் இறந்த மாமனாரின் சொத்தில், அவருக்கு முன்பே இறந்த மகனின் மனைவியும் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசு. ஊரில் பலர் இதை மறைத்தே பேசுவார்கள்.

பதில் 2 | மதகடி

மனு தோற்பது பெரும்பாலும் தவறான துறைக்குப் போவதால். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேட்டைப் பாருங்கள், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் எடுங்கள். வடிகால் எந்தப் புல எண், எவ்வளவு அகலம் என்று அவற்றில் இருக்கும். பெரிய வடிகால் நீர்வளத்துறை, சின்னது ஊராட்சி அல்லது ஒன்றியம் என்பது பொதுவான நிலை. உங்களுடையது யாரிடம் என்று உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

அப்புறம் அளவு. 50 மீட்டருக்கு ஓர் இடத்தில் அளவு குறித்த மூங்கில் கழியைக் கெட்டித் தரை தட்டும்வரை இறக்கி, சேற்றின் ஆழத்தை எழுதுங்கள். பழைய தரைமட்டத்துக்குத் தரைப்பாலத்தின் அடித்தளமே சாட்சி. நீளம் 1,400 மீட்டர், அகலம் 2, சேறு 0.6 என்றால் 1,680 கன மீட்டர். "தூர் வாருங்கள்" என்பதற்கும் "1,680 கன மீட்டர் எடுங்கள்" என்பதற்கும் மேசைக்கு அந்தப் பக்கம் கிடைக்கும் மரியாதையே வேறு. புலப்படத்தில் 4 மீட்டர், தரையில் 2 என்றால் சர்வேயர் அளவீட்டையும் அதே மனுவில் கேளுங்கள்.

வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். வடிகால் போய்ச் சேரும் முனையிலிருந்து மேல்நோக்கி வாரணும். நடுவில் மட்டும் வாரினால் அங்கேயே குளம் கட்டும். நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டிப் போட்டால் துண்டெல்லாம் வேர்விடும், வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தணும். எடுத்த சேற்றைக் கரை ஓரத்திலேயே குவித்தால் அடுத்த மழைக்கே உள்ளே சரியும்.

காலம்: கார்த்திகையில் தண்ணீர் நிற்கும்போது தேதியோடு படம், தையில் மனு. மதிப்பீடு, நிதி, டெண்டர் எல்லாம் முடிந்து சித்திரை, வைகாசியில் பொக்லைன் இறங்கணும். ஆடியில் கொடுத்தால் அந்த வருஷம் போச்சு.

பதில் 3 | கொள்ளிடக்கரை

ஒரு மனு, ஒரே கோரிக்கை. உரம், கொள்முதல் நிலையம், காட்டுப்பன்றி எல்லாம் சேர்த்தால் நான்கு துறைக்கும் நகல் போய், நான்கு பக்கமிருந்தும் "பரிசீலனையில் உள்ளது" என்று வரும்.

கடலூரில் நடக்கும் மாவட்டக் கூட்டத்துக்கு முன்னால் சிதம்பரம் கோட்டாட்சியர் கூட்டத்தில் பேசிப் பழகுங்கள். ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட்டு நகலை இணையுங்கள். பேச இருவர், வரைபடத்தைப் பிடிக்க ஒருவர் போதும். அடுத்த மாதம் வேறு இருவர் பேசட்டும். ஒருவரையே நம்பினால் அவர் வீட்டில் ஒரு தடை வந்ததும் எல்லாம் நின்றுபோகும். இரண்டு நிமிடம்தான் கிடைக்கும்: ஊர், புல எண், எத்தனை ஏக்கர் முழுகுகிறது, என்ன வேண்டும். "அம்மா சொல்ல வர்றது என்னன்னா" என்று யாராவது ஒருவர் மைக்கை வாங்க வருவார். கொடுக்காதீர்கள்.

ஒப்புகை எண் இல்லாமல் வெளியே வராதீர்கள். அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டியது: மதிப்பீடு தயாரா, தொகை எவ்வளவு, கோப்பு யாரிடம்? பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய், 30 நாள்.

பதில் 4 | நன்செய்

ஒன்று விட்டுப்போச்சு. காப்பீட்டு இழப்பைக் கணக்கிடும் பயிர் அறுவடைப் பரிசோதனை நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டத்தை அறுத்து எடைபோட்டு நடக்கும். தேதியைக் கேட்டு வைத்து, உங்களில் இரண்டு பேர் அங்கே நில்லுங்கள். கட்டம் எந்த வயலில் போட்டார்கள், எத்தனை கிலோ நின்றது என்று நோட்டில் எழுதுங்கள். ஊருக்கே இழப்பீடு முடிவாவதில் அந்த எடைக்குப் பெரிய பங்கு உண்டு.