களப்பணிக்குப் போன இடத்தில் பார்த்த ஆள்: மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கண்மாய்க்கரை (சிவகங்கை)

சீமைக் கருவேலம் வெட்ட நம்மில் பாதிப் பேர் போயிருப்பீர்கள், அதனால் முன்கதை வேண்டாம். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு வந்த கையோடு ஊர் ஊராக ஜேசிபி இறங்கியதே, அந்தச் சமயம். நாங்கள் அரிவாளும் கடப்பாறையுமாகக் கண்மாய்க்குள் இருந்தோம். கூட வந்த கல்லூரிப் பையனுக்கு முள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறி ஒடிந்துவிட்டது. அது எப்படிக் கடுகடுக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். அவன் காலைத் தூக்கி மடியில் வைத்து, தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கால் முள்ளை நெம்பி எடுத்தார். எருக்கை ஒடித்துப் பால் வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"தூரெல்லாம் யாருக்கு ராசா?"

எனக்கு முதலில் புரியவில்லை. வேரோடு பெயர்த்த அடிக்கட்டையைச் சொல்கிறார். "கரிமூட்டம் போடுறவுகளுக்கு மரத்த விடத் தூருதான் வெல. அத யாரு கொண்டுபோறா?"

மரத்தையும் தூரையும் ஒரு லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. ஏலம் நடந்ததா, யார் எடுத்தார்கள், எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய மடியில் அந்தப் பையனின் சேற்றுக்கால் இருந்ததும், அதே நேரத்தில் அவர் தூருக்குக் கணக்குக் கேட்டதும் எனக்கு இன்னும் ஒன்றோடொன்று சேரவில்லை.

பனங்காடை (ராமநாதபுரம்)

என்னுடையது பனை விதை. புரட்டாசியில் சாக்குச் சாக்காகக் கொட்டை பொறுக்கி, ஊருணிக் கரை முழுக்கப் புதைத்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். மார்கழிக் கடைசியில் முளைத்திருக்கிறதா என்று பார்க்கப் போனால், இரண்டு பெண்கள் மண்வெட்டியோடு கரையை வரிசையாகக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் குவியலாகக் கிழங்கு. பனங்கொட்டை மேலே வருவதற்கு முன்னால் கீழே போகும், இலை தலைகாட்டுவதற்குள் மண்ணுக்குள் கிழங்கு திரண்டுவிடும், இது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பொங்கல் நேரத்தில் அதற்கு என்ன விலை என்பதும் தெரிந்ததுதான்.

எங்கள் தம்பி ஒருவன் சத்தம் போட்டான். அந்த அக்கா கோபப்படவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "வரிசையா போட்டிருந்துச்சே, கிழங்குக்குத்தான் போட்டிருக்கீகன்னுல்ல நெனச்சோம்!" என்றவர், ஒரு கட்டுக் கிழங்கை எடுத்து எங்கள் பக்கம் நகர்த்தினார். "இந்தாங்க, உங்க பங்கு."

பனை மாநில மரம், வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் சொன்னார்கள், எல்லாம் சரி. மரமாவதற்கு முன்னால் அது சாப்பாடு. நான் அந்தக் கிழங்குக் கட்டை வாங்கிக்கொண்டேன். தம்பி வரும் வழியெல்லாம் என்னோடு பேசவில்லை.

புள்ளினம்

கண்மாய்க்கரை, உங்கள் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த 2017 வேகத்தில் நடந்த கூத்தையும் சொல்லுங்கள். வெட்டப் போனவர்களில் எத்தனை பேருக்கு நாட்டுக் கருவேலம் எது, சீமை எது என்று தெரியும்? நாட்டுக் கருவேலத்துக்கு மஞ்சள் உருண்டைப் பூ, மணிமணியாக இடுங்கிய காய், வெள்ளையாக நீண்ட முள். சீமைக்குப் பூ கதிராக நீளும், காய் மஞ்சள் நெற்றாகப் பழுக்கும். இது தெரியாமல் 'கருவேலம்' என்று காதில் விழுந்ததையெல்லாம் சாய்த்த ஊர்கள் உண்டு. பக்கத்து மாவட்டத்தில் காஞ்சிரங்குளமும் சித்திரங்குடியும் 2022இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலுக்குப் போயின. அங்கே நாரையும் கொக்கும் வந்து கூடு வைப்பது எதில்? கருவேல மரங்களில்தான். உங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அப்படிப்பட்ட ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கினால் என்ன குறைந்துவிடும்? சீமை கெட்ட மரம்தான், நான் வக்காலத்து வாங்கவில்லை. எந்த மாதத்தில் வெட்டுவது என்று ஒன்று இருக்கிறதல்லவா?

நான் பார்த்த ஆள் ஒரு ஜேசிபி ஓட்டுநர், சின்னப் பையன். நல்ல மழை பெய்த வருஷம், மாசி மாதம், தண்ணீர் வடிந்த பக்கமாக வேலை நடந்தது. ஒரு சீமைக் கருவேலத்தின் பக்கத்தில் பக்கெட்டைக் கொண்டுபோனவன் அப்படியே எஞ்சினை அணைத்துவிட்டான். அணைத்த பிறகுதான் எங்களுக்குக் கேட்டது, மேலே வக்கா (இராக்கொக்கு) குஞ்சுகள் கத்துவது. மணிக்கணக்கு வாடகை ஓடுகிறது என்று எங்கள் ஆட்களே நச்சரித்தார்கள். "அந்த மணியக் கழிச்சுக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, வண்டியை விட்டு இறங்கிப் போய் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டான்.

மண்புழு மாமா (கோவை)

கண்மாய்க்கரை தம்பிக்குச் சில யோசனைகள். தரையோடு வெட்டிவிட்டுப் போனால் சீமைக் கருவேலம் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரும் தண்டும் சேருகிற இடத்துக்குக் கீழே வரை தோண்டி எடுக்க வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது செய்தால் ஆள்கூலி பாதி. நெற்று பழுப்பதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஆடுமாடு நெற்றைத் தின்று போடும் இடமெல்லாம் விதை முளைக்கும், அதனால் பக்கத்தில் மேய்ச்சல் இருந்தால் எச்சரிக்கை. எடுத்த இடத்தைச் சும்மா விடாதீர்கள், அடுத்த மழைக்கே நாற்று மெத்தை போட்டதுபோல வந்துவிடும். பிஞ்சிலேயே கையால் பிடுங்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள், குறைந்தது இரண்டு மூன்று மழைக்காலம். கரையின் வெளிச்சரிவில் புங்கன், பூவரசு, நீர்மருது வைக்கலாம், தண்ணீர் நிற்கிற உள்வாயில் எதுவும் வேண்டாம். செருப்போடு ஆட்களை இறக்கியது பெரிய தப்பு, கனத்த அடி வைத்த பூட்ஸ் கட்டாயம். தோல் கையுறை. டெட்டனஸ் ஊசி போட்டாச்சா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு நடுவில் நீர்மோர், கடலைமிட்டாய்.

என் அனுபவம்: எங்கள் ஊர்க் குளத்தில் ஆகாயத்தாமரை இழுத்துக்கொண்டிருந்தோம். காலை நடைக்கு வந்த ஒருவர் நின்று பார்த்து, "போன வருஷமும் நீங்கதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கண்மாய்க்கரை

மாமா, தூரை எப்படி எடுப்பது என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாவும் கேட்கவில்லை. அவருக்கு எடுக்கத் தெரியும்.

புள்ளினம், நாட்டுக் கருவேலத்துக்கெல்லாம் ஊர்க்காரர்களே முன்கூட்டிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். கேட்காமல் இறங்கினோம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

நள்ளிரவு நடை (சென்னை)

சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஆமை நடை போனவர்கள் இங்கே இருப்பீர்கள். நாய் தோண்டுவதற்கு முன்னால் முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிற வேலை. பல ராத்திரி மணலைத் தவிர ஒன்றும் இருக்காது. அன்றைக்கு ஒரு பங்குனி ஆமை கரையேறி, குழி பறித்து முடித்து, முட்டையிட ஆரம்பிக்கிற நேரம். வெளிச்சம் காட்டக் கூடாது என்று கிளம்பும்போதே பாடம் எடுத்திருந்தார்கள். அப்படியும் எங்களோடு வந்தவர் ஒருவர் போனை எடுத்துவிட்டார். "ஒரே ஒரு போட்டோ, ஃபிளாஷ் இல்லாம" என்கிறார், திரை வெளிச்சமே ஆமையின் முகத்தில் விழுகிறது. பின்னாலேயே இன்னும் இரண்டு போன்.

படகடியில் படுத்திருந்த மீனவர் ஒருவர் எழுந்து வந்தார். யாரையும் திட்டவில்லை. கைலியை அவிழ்த்தார் (உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது), இரண்டு கையாலும் விரித்து ஆமைக்கு முன்னால் திரை மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார். அது நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலை மூடி, மார்பால் தட்டி இறுக்கிவிட்டுத் திரும்புகிற வரைக்கும் அப்படியே நின்றார். கை மாற்றக்கூட இல்லை.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. மூச்செடுக்க மேலே வர முடியாமல் வலைக்குள் முட்டிச் சாவது. உடனே எல்லாக் குழுவிலும் 'மீனவர்கள்தான் காரணம்' என்று ஒரே வரி. ஆமைக் காலத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை மடி வலை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை மீறுகிறவரும் அந்தப் படகடி ஆளும் ஒன்றா? ஒவ்வொரு முறையும் பதில் எழுத உட்காருவேன், அந்தக் கைலிதான் ஞாபகம் வரும், கோபத்தில் ஒழுங்காக எழுத வராது.

கீரைப்பாத்தி (மதுரை)

எங்களுடையது சின்ன விஷயம். குடியிருப்புக்குப் பக்கத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த மூலையைச் சுத்தம் செய்து 'பொதுத் தோட்டம்' என்று பலகை வைத்தோம். தண்டங்கீரை, கத்தரி, நாலு கறிவேப்பிலை. ஒரு விடிகாலையில் கறிவேப்பிலையை யாரோ உருவுகிற சத்தம். தெருமுனையில் இட்லிக் கடை போடும் அக்கா. நான் ஏதும் கேட்பதற்கு முன்னாலேயே, "நீங்க ஞாயித்துக்கிழமதான வர்றீங்க, மத்த நாளு அரிசி கழுவின தண்ணிய இதுக்கு ஊத்துறது யாருன்னு நெனச்சீங்க?" என்றார். நாங்கள் மண் வளம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்! பலகையில் பெயர் சேர்க்கட்டுமா என்று கேட்டோம். பேரெல்லாம் வேண்டாம், குடம் தூக்க முடியவில்லை, ஒரு ஹோஸ் பைப் வாங்கிக் கொடுங்கள் என்றார். வாங்கிக் கொடுத்தாச்சு.

மண்புழு மாமா (கோவை)

அரை இஞ்சா, முக்கால் இஞ்சா? முக்கால் என்றால் குழாய் மூட்டுக்குக் கிளிப் தனியாக வாங்க வேண்டும். அரிசி கழுவின தண்ணீரை ஹோஸில் விடச் சொல்லாதீர்கள், உள்ளே பாசி பிடிக்கும். அதற்குக் குடம்தான் சரி.